இரண்டு சுழி

விரல் மூட்டெல்லாம் வீங்கி, சால்டரிங் அயனைப் பிடிக்க முடியவில்லை. அந்த 2008-ல் தக்கலைப் பக்கம் சிக்குன்குனியா புகாத வீடு கிடையாது. எனக்கு வந்துபோய் ஒரு மாதமாகியும் காலையில் கை மடங்காது. அந்தக் கையோடுதான் ஓர் அலுமினியச் சட்டத்தில், ஏழு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, எட்டு மைக்குகளைப் பதித்தேன்.

அண்டி ஆபீஸ் மானேஜர் தங்கையன் கொடுத்த வேலை. முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. மெஷின் பேரிங் தேயும் சத்தத்தை முன்கூட்டியே பிடிக்க வேண்டும் என்றார். என் அம்மா பதினெட்டு வருஷம் அங்கே கொட்டை உடைத்தவள். அவள் இருந்த மூன்றாவது வரிசையில் இப்போது கிரேசி அக்கா இருந்தாள். நான் சட்டத்தை மாட்டும்போது அவள் கையை நிறுத்தினாள்.

"லிஜினே, ஒரு மெஷினுக்கு எட்டுக் காது எதுக்குலே?"

"சத்தம் எந்தத் திசைன்னு பிடிக்கதுக்கு அக்கா."

"மெஷின் அங்க கெடக்கு. இது எங்களப் பாத்துல்லா நிக்கு?"

"எங்க நின்னாலும் கம்ப்யூட்டர்ல திருப்பிக்கிடலாம். உங்க பேச்சு யாருக்கு வேணும்?"

"ஒங்க மானேஜருக்கு வேணும். நாங்க கையுறை கேட்டதுல இருந்து அவருக்கு எங்க பேச்சு மேல தனிப் பிரியம்."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து தங்கையன், "தம்பி, மூணாவது வரிசைக்குத் திருப்பு பாப்போம்" என்றார்.

"அங்க பேரிங் இல்லியே சார்?"

"சோதிச்சுப் பாக்கண்டாமா?"

எனக்கு உறுத்தியது. ஆனாலும் செய்தேன். ஒரு சத்தம் எட்டு மைக்குக்கும் ஒரே நேரத்தில் வந்து சேராது. கம்ப்யூட்டரில் மைக்குக்கு ஒன்றாக வடிகட்டி நிரல் எழுதி, அந்தத் தாமதங்களைச் சரிக்கட்டினால், மூன்றாவது வரிசையின் குரல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வலுக்கும். மற்றவை சிதறி மெலியும். ஏழு சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஓர் எல்லை உண்டு. 2400 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் வேறு திசைச் சத்தமும் இந்தத் திசை போலவே நுழைந்துவிடும். அதனால் அதற்கு மேலுள்ளதை வெட்டினேன். கொட்டை உடைக்கும் இரைச்சல் அடங்கி, குரல் தனியே வந்தது. 'குறித்த இடத்துப் பேச்சு பிழையின்றிப் பிரிகிறது' என்று தங்கையன் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கிரேசி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தங்கையன் எனக்குப் பதிவைப் போட்டுக் காட்டினார். அவள் குரல்தான்: "அடுத்த வாரம் எல்லாருக்கும் பணிமுடக்குதான்." வேலைநிறுத்தம். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நான் பனின்னேன், மக்கா. காய்ச்சப் பனி. பக்கத்துல இருக்க நேசபாய்க்கு முட்டு மடங்கல்ல. அடுத்த வாரம் எல்லாருக்கும் பனி முடக்குதான்னு சொன்னேன். எங்க பேச்சு யாருக்கு வேணும்னு கேட்டியே, இப்பம் தெரிஞ்சா?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாமலா நீ திருப்பினா? சரி, உன் மெஷினுக்கு ரெண்டு சுழியும் மூணு சுழியும் பிரிக்கத் தெரியாதுன்னு எழுதித் தா. லேபர் ஆபீஸ்ல காட்டுகேன்."

வடிகட்டாத பதிவை, ஒரே மைக்கில், திரும்பத் திரும்பக் கேட்டேன். அத்தனை இரைச்சலுக்குள்ளும் 'பனி' என்று தெளிவாக இருந்தது. ன-வையும் ண-வையும் பிரித்துக்காட்டுவதில் பெரும்பகுதி நான் வெட்டி எறிந்த மேல் பகுதியில் கிடந்தது. அதைத் தங்கையனிடம் கொண்டுபோனேன்.

"இது சந்தக்கட மாதிரில்லா கெடக்கு. நீ வடிச்சது எவ்வளவு சுத்தம்!" என்றார்.

"சுத்தமா இருக்கு, ஆனா தப்பு சார்."

"அப்ப நீ பொய்யிலயா கையெழுத்துப் போட்டா? அப்படி எழுதிக் குடு. பெறவு எவன் உனக்கு வேலை தாரான்னு பாப்போம்."

தங்கையனும் எங்கள் பக்கத்துக் குலசேகரத்துக்காரர். பனி என்றால் காய்ச்சல் என்று அவருக்கா தெரியாது?

எழுதாமல் வந்தேன். அடுத்த மாதம் பெங்களூரில் வேலை கிடைத்தது. கிரேசி அக்காவுக்கு என் கையெழுத்தோடு ஒரு வரி தரவேண்டும். இன்னும் தரவில்லை.