மருதமோட்டைக்கு வந்த தபாற்கந்தோர்

ஒட்டுசுட்டான் சந்தியில் நடந்த தேர்தல் கூட்டத்தில் வேட்பாளர் தில்லைநாதன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சொன்னார்: "நான் உங்கள் தலைவன் அல்ல, உங்கள் வேலைக்காரன். ஒரு குறை என்றால் ஒரு தபாலட்டை போடுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

சனம் கை தட்டியது. தட்டி முடித்துக் கடலை வாங்கித் தின்றுகொண்டே கலைந்தது. அந்தப் பேச்சை வீடு வரைக்கும் கொண்டுபோனவள் இராசமலர் ஒருத்திதான்.

அவள் புலோலியில் பிறந்தவள். புருஷன் தவராசாவோடு மருதமோட்டைக் குடியேற்றத்துக்கு வந்து, காடு வெட்டி, கட்டை பிடுங்கி, வயல் செய்து நாலைந்து வருஷமாகியிருந்தது. ஒருவர் சொன்ன சொல்லை அப்படியே நம்புவது அவளுடைய குணம். கடைக்காரன் 'நாளைக்கு வாங்கோ' என்றால் மற்றவர்கள் அதை 'இல்லை' என்று விளங்கிக்கொள்வார்கள். இராசமலர் நாளைக்குப் போய் நிற்பாள்.

தில்லைநாதன் வென்று எம்.பி. ஆனார். அந்த மாரியிலேயே மருதமோட்டைக்குள் வரும் ஒரே தெருவின் மதகை வெள்ளம் பிய்த்துக்கொண்டு போனது. குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு மேலே கட்டிய சின்னப் பாலம் அது. வாய்க்காலோ மழை விட்டும் வற்றாது. ஊருக்குள் கடை வைத்திருந்த மஹ்றூப்பின் லொறி அக்கரையிலேயே நின்றது. அறுவடையானதும் நெல் மூட்டைகளை ஆம்பிளைகள் தலையில் சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரையேற்ற வேண்டியிருந்தது.

ஊருக்கு அரசாங்க அதிகாரியான விதானையாரிடம் போனார்கள். மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறது என்றார். மேலிடம் எங்கே இருக்கிறது என்று இராசமலர் கேட்டாள். அது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் தில்லைநாதனுக்கு ஒரு தபாலட்டை எழுதினாள்.

"உமக்கென்ன விசரோ? அவர் மேடையிலை சும்மா சொன்னது" என்றான் தவராசா.

"சும்மா சொல்லுறதுக்கு அவருக்கு ஏன் மைக்? நாங்களும் சும்மாவோ வோட்டுப் போட்டனாங்கள்?"

மறுமொழி வந்தது. அதுவும் அச்சடித்த தாளில், அரசாங்க முத்திரையோடு! 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். உரிய கவனம் செலுத்தப்படும்.' ஊரே வந்து பார்த்தது. தபாலட்டையைப் பற்றிப் பகிடி பண்ணிய தவராசா, சோற்றைக் குழைத்து அந்தத் தாளைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டிவிட்டு, வாறவர் போறவருக்கெல்லாம் காட்டினான். ஆனால் மதகுக்கு ஒரு கல்லும் வரவில்லை.

இராசமலர் யோசித்தாள். பிறகு மஹ்றூப்பின் கடைக்குப் போனாள்.

"தம்பி, ஒரு காகம் கத்தினால் ஆரும் திரும்பிப் பாக்கிறதில்லை. ஊர்க் காகமெல்லாம் சேர்ந்து கத்தவேணும். கடைக்குப் போஸ்ட்காட் எடுத்து வையுங்கோ. வீட்டுக்கு வீடு எழுதுவிக்கிறன்."

மஹ்றூப்புக்கு மதகும் வேண்டும், யாவாரமும் வேண்டும். "நல்ல விஷயம் அக்கா. கட்டாக் கொண்டந்து தாறன்" என்றான்.

அவள் படலை படலையாக ஏறி இறங்கினாள். எழுதமாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. மதகைப் பற்றி எழுத வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒருவர் பக்கத்து வளவுக்காரனின் வேலிச் சண்டையை எழுத வெளிக்கிட்டார். இன்னொருவர் மகளுக்கு உத்தியோக மாப்பிள்ளை பார்த்துத் தரும்படி கேட்கப் பார்த்தார். வண்டிக்கார ஏரம்புவுக்கோ பயம்.

"பிள்ளை, பெரிய இடத்துக்கு எழுதினால் பொலிசு வராதோ?"

"வரட்டும் அண்ணை. வந்தால் அவங்களும் மதகைக் கடந்துதானே வரவேணும்? அவங்களையும் ஒரு கடதாசி எழுதச் சொல்லுவம்."

மஹ்றூப்பின் தாய் ஆசியா உம்மா, "எனக்கு எழுத்துத் தெரியாதே மகள்" என்றாள்.

"வோட்டுக்குப் புள்ளடி போட்டனீங்கள்தானே உம்மா? அதையே போடுங்கோ. அந்தக் கையெழுத்து அவருக்கு நல்லாத் தெரியும்."

தபாலட்டைகள் கட்டுக்கட்டாகப் போயின. அச்சடித்த தாள்கள் கட்டுக்கட்டாக வந்தன. மறுமொழி வராத வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டாம் தரம் எழுதினார்கள். தபால்காரர் சைக்கிளை அக்கரையில் சாத்திவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி வந்தார். வந்து இராசமலரின் வீட்டைப் பார்த்துத் திட்டினார். அவரையும் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து ஒரு தபாலட்டை எழுதுவித்துத்தான் விட்டாள்.

ஐப்பசி பிறக்கையில் எம்.பி.யிடமிருந்து புது விதமான கடிதம் ஒன்று வந்தது. மஹ்றூப்பின் கடை வாசலில் இராசமலர் அதை எல்லோருக்கும் உரத்து வாசித்தாள். 'மருதமோட்டை மக்களின் இடைவிடாத கோரிக்கையை ஏற்று, மிக அதிகமான கடிதப் போக்குவரத்துள்ள உங்கள் கிராமத்துக்கு ஓர் உபதபாற்கந்தோரைப் பெற்றுத் தந்துள்ளேன். திறப்பு விழாவுக்கு நேரில் வருகிறேன்.'

சனம் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"நாங்கள் தபாற்கந்தோரோ கேட்டனாங்கள்?" என்றான் தவராசா.

"கனக்க எழுதிப்போட்டம் போலை" என்றார் ஏரம்பு.

இராசமலருக்கு முகம் கறுத்துப்போனது. இத்தனை பேரையும் எழுத வைத்தவள் அவள். அன்று சமைத்ததை அவள் சாப்பிடவில்லை. தவராசா வழக்கமான பகிடியை விட்டுவிட்டு, "அவர் வாறார்தானே. கண் இருக்குந்தானே?" என்று மட்டும் சொன்னான்.

விழாவன்று மழை தூறிக்கொண்டிருந்தது. தபால் நிலையத்துக்கென்று, மஹ்றூப்பின் கடையோடு ஒட்டிய அறைக்கு வெள்ளையடித்துத் தோரணம் கட்டியிருந்தது. நாதஸ்வரக்காரர் வாய்க்காலின் இக்கரையில் காத்திருந்தார்கள். எம்.பி.யின் கார் அக்கரையில் வந்து நின்றது. வெள்ளை வேட்டியோடு தில்லைநாதன் இறங்கினார். கூடவே அவருடைய செயலாளரும், தெரு வேலைகளை மேற்பார்வை செய்யும் ஓவசியரும் இறங்கினார்கள். மூவரும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

ஏரம்புவின் மாட்டு வண்டி அக்கரைக்குப் போய் மூவரையும் ஏற்றிக்கொண்டது. நடுவாய்க்காலில் சில்லு சேற்றில் புதைந்தது. மாடுகள் ஓரடி எடுத்து வைக்க மறுத்தன. வண்டித் தட்டில் தண்ணீர் ஏறியது. அக்கரையில் போட்ட மாலையோடு எம்.பி. கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். அவர் அகப்பட்டது தெரியாத நாதஸ்வரக்காரர் மங்கள இசையை நிறுத்தவில்லை.

"இந்த மதகு எப்ப உடைஞ்சது?" தில்லைநாதன் கோபமாகக் கரையைப் பார்த்துக் கேட்டார். "ஏன் எனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லை?"

நாதஸ்வரம் நின்றது.

இராசமலர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வண்டிக்குக் கிட்டப் போனாள். "நாங்கள் எல்லாரும் அறிவிச்சனாங்கள் ஐயா. உம்மா புள்ளடி போட்டு அறிவிச்சவா. உங்கடை தபால்காரரும் அறிவிச்சவர். கிடைச்சதெண்டு நீங்கள்தான் மறுமொழி போட்டனீங்கள்."

எம்.பி. செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். மனிதருக்கு ஓடி ஒளிக்க வண்டியில் இடமில்லை.

"எத்தினை கடிதம் வந்ததெண்டு மாதம் மாதம் சொன்னனான் ஐயா" என்றார் அவர் மெல்ல. "என்ன எழுதியிருக்கெண்டு ஐயா கேக்கேல்லை."

கரையில் யாரோ சிரித்தார்கள். பிறகு சனம் முழுக்கச் சிரித்தது. தில்லைநாதனும் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் வண்டி ஒரு பக்கம் சரிந்தது.

"ஐயா, இனி நாங்கள் எழுத மாட்டம்" என்றாள் இராசமலர். "மஹ்றூப் தம்பியின்ரை லொறியிலை ஏறி, பிள்ளை குட்டியோடை உங்கடை வீட்டு வாசலுக்கு வருவம். ஒவ்வொரு வெள்ளியும் வருவம். சமையலும் அங்கைதான். இல்லாட்டி இப்ப, இந்த ஓவசியர் ஐயா கேக்க, எப்ப வேலை துடங்கும் எண்டு சொல்லுங்கோ."

தில்லைநாதன் தண்ணீரைப் பார்த்தார். கரையில் நின்ற வாக்காளரைப் பார்த்தார். பிறகு ஓவசியரிடம், "மழை விட்டவுடனை" என்றார்.

"தை பிறக்க எண்டு சொல்லுங்கோ."

"தை பிறக்க."

அதன் பிறகுதான் ஆம்பிளைகள் இறங்கிச் சில்லில் தோள் கொடுத்தார்கள். அவர்கள் வேண்டுமென்றேதான் அதுவரை நின்றார்கள் என்று எம்.பி. பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டாராம்.

தையில் வேலை தொடங்கியது. இராசமலர் நாளும் போய் ஓவசியருக்கு எதிரே நின்றாள்; கல் குறைந்தால் கேட்டாள், சீமெந்து குறைந்தால் கேட்டாள். மதகு மளமளவென்று எழும்பியது.

மேல்பூச்சுப் பூசிய அன்றைக்கே மஹ்றூப்பின் மனைவி லதீபாவுக்கு நோ கண்டது. தலைப்பிள்ளை. மருத்துவிச்சி பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ என்றாள். லொறி அக்கரையில் நின்றது. லதீபாவை வண்டியில் கிடத்தி, இராசமலரும் ஆசியா உம்மாவும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். மதகடியில் ஓவசியர் குறுக்கே வந்தார்.

"பூச்சு இன்னும் காயேல்லை. மேலிடத்து அனுமதி இல்லாமல் வண்டி விட ஏலாது."

லதீபா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

"மேலிடத்துக்கு நீங்கள் எழுதுங்கோ தம்பி" என்றாள் இராசமலர். "மறுமொழி வரட்டும். நாங்கள் போறம்."

வண்டி ஏறியது. ஓவசியர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். பொழுதுபட முன்னர் லதீபாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பூச்சின் நடுவே நீளத்துக்கு இரண்டு சில்லுத் தடங்கள் பதிந்து காய்ந்துவிட்டன. அதைத் திருத்தித் தரவா என்று ஓவசியர் கேட்டபோது, மருதமோட்டைச் சனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.