ஒற்றைத் தடத்தில் நாற்பத்து மூன்று நிமிடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் காரின் முன்சீட்டிலிருந்து வந்தது. அதில் சிவப்புத் துணி சுற்றிய ஒரு முழக் குச்சி கிடந்தது. அதை நான் ஒருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்துப் பெரிய சாலையில் குழாய் பதிக்கிறார்கள். பாதிச் சாலையைத் தோண்டியாயிற்று. மீதிப் பாதியில் எழுநூறு மீட்டருக்கு ஒற்றைத் தடம். நடுவில் ஒரு வளைவு. இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரியாது. முனைக்கு ஒருவர் பலகையோடு நிற்பார். ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'செல்'. வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டு மாற்றி மாற்றித் திறப்பார்கள். அன்று வாக்கி டாக்கி செத்துவிட்டது. பலகை பிடிப்பவர்கள் கையில் செல்போன் வைத்திருக்கக் கூடாது. அதனால் பழைய முறை: கடைசி வண்டிக்காரரிடம் குச்சியைக் கொடுத்தனுப்புவது. குச்சி கைக்கு வந்தால் தடம் காலி. வராவிட்டால் திறக்கக் கூடாது.

பத்தேகாலுக்குக் கடைசி வண்டி என்னுடையது. "அந்தப் பக்கம் நிக்கறவர்கிட்ட குடுத்துடுங்க சார். மறந்துடாதீங்க" என்றார் பலகை பிடித்திருந்த அம்மா. "சரிங்க" என்றேன். வளைவில், வேறொரு கதைக்கு அருமையான முதல் வரி ஒன்று தோன்றியது. அதை முணுமுணுத்துக்கொண்டே, அந்த முனைக்குச் சற்று முன்னால், மண்மேட்டுக்குப் பின்னாலிருக்கும் எங்கள் சந்தில் பழக்கதோஷத்தில் திரும்பிவிட்டேன்.

(அந்த முதல் வரி இப்போது நினைவில் இல்லை.)

2

முதல் தொடக்கம்: 'தார் உருகும் வெயிலில், கையில் பலகையோடு அவள் ஒரு சிலைபோல'

வேண்டாம். அன்று மேகமூட்டம்.

இரண்டாவது: 'வாழ்க்கை என்பதும் ஒற்றைத் தடம்தான், அதில்'

இதை எழுதியதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் குச்சியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இரண்டு முனையிலும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன், தனித்தனியாகத் திட்டு வாங்கினேன். பிறகு ஒரு வாரம் போக வர அவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நேரில் 'அவர்' என்று பேசியவர்கள் கதைக்குள் வந்ததும் 'அவள்', 'அவன்' ஆகிவிட்டார்கள். எழுத்தின் வழக்கம் அது. மரியாதைக் குறைவு இல்லை.

3

என்னிடம் குச்சியைக் கொடுத்தவளை வேலையிடத்தில் விசிலக்கா என்பார்கள். இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தால் லாரியே நின்றுவிடும். எதிர்முனையில் நின்றவனுக்குத் தூண் என்று பேர். நிறுத்தின இடத்தில் நிற்பான், வாயைத் திறக்க மாட்டான். இருவரும் கணவன் மனைவி. எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஒரு வீடு. ஒருநாள் அவள் வேலை முடிந்து திரும்பியபோது வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. அதன்மேல் அவளுடைய கட்டில், அடுப்பு, துணிமூட்டை.

"வீடு மாத்தறோம்" என்றான்.

"யாரைக் கேட்டு?"

"உனக்கு வேலைக்குப் பக்கமா இருக்கும்னுதான்…"

"ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

வரவில்லை. அப்போதும் வரவில்லை. சாமான் லாரியில் போயிற்று. அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அவன் வந்து கூப்பிடட்டும் என்று அவளும், கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று அவனும் இருந்ததில் எட்டு மாதம் ஓடிவிட்டது.

சூப்பர்வைசருக்கு இதெல்லாம் தெரியாது. "புருஷன் பொண்டாட்டின்னா ஒருத்தரையொருத்தர் அனுசரிச்சு நடந்துக்குவாங்க" என்று ஆளுக்கொரு முனையில் நிறுத்திவிட்டார். வாக்கி டாக்கியில் நாளுக்கு நூறு தடவை பேசினார்கள். "அனுப்பவா?" "அனுப்பு." "முடிஞ்சுதா?" "முடிஞ்சுது." அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.

(இப்படி வசதியாக ஒரு ஜோடி கதைக்கு அமையுமா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நானும் பட்டேன். "வழக்கமா நிக்கற ரெண்டு பேரும் லீவுங்க" என்றார் சூப்பர்வைசர்.)

4

பத்து இருபதுக்கு அவள் கணக்குப்படி குச்சி அவன் கைக்குப் போய், அங்கிருந்து வண்டிகள் வந்துகொண்டிருக்க வேண்டும். வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு பேருந்து, இரண்டு டெம்போ, ஒரு சிமெண்ட் லாரி, சந்து கிடைத்த இடத்திலெல்லாம் பைக்.

வேணும்னே பண்றான் என்று நினைத்தாள். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் முன்னால் என்னைத் திட்டு வாங்க வைக்கிறான்.

அந்த முனையில் அவனும் ஏறக்குறைய அதையேதான் நினைத்தான். குச்சியை அனுப்பாமல் வைத்திருக்கிறாள். நானாக வந்து கேட்கட்டும் என்று பார்க்கிறாள்.

சிமெண்ட் லாரிக்காரர் இறங்கி வந்தார். "ஏம்மா, எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல. திறந்து விடும்மா."

"குச்சி வரணும்ணே."

"அந்த ஆளு அங்க தூங்கிட்டிருப்பான்."

"அவர் வேலையில தூங்க மாட்டாரு" என்றாள் வெடுக்கென்று. யாருக்காகப் பரிந்து பேசினோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. கோபம் இன்னும் ஏறியது.

கார்க்காரர் ஒருவர் தடுப்புக் கூம்புகளை உரசிக்கொண்டு நுழையப் பார்த்தார். அவள் முன்னால் போய் நின்றாள். பம்பர் அவள் முழங்காலைத் தொட்டது.

"ஏத்துங்க சார், பரவால்ல."

கார் பின்வாங்கியது. நகர்ந்துபோன கூம்புகளை அவள் மறுபடி வரிசையில் வைத்தாள்.

பத்து நாற்பதுக்கு அவளும் தளர்ந்துவிட்டாள். நூறு ஹாரன்கள். பலகையைப் பாதி திருப்பியும்விட்டாள். அப்போது வளைவைப் பார்த்தாள். வளைவை ஒட்டி ஆள் உயரப் பள்ளம். அங்கேயும் யாராவது இப்படி உயிரை வாங்கி, அவனும் திறந்துவிட்டிருந்தால்? பலகையை 'நில்' பக்கமே மறுபடி திருப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வளைவிலிருந்து வண்டி வரவில்லை. ஒரு டீச்சர் வந்தார். அந்தப் பக்கத்துப் பேருந்திலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தே வந்திருந்தார்.

"நீங்கதானே இங்க போர்டு பிடிக்கறவங்க? குச்சி வரவே இல்லையாம். சொல்லச் சொன்னாரு."

"வரலையா? கடைசிக் கார்ல குடுத்தனுப்பினேனே!"

"அவரும் அதேதான் சொன்னாரு. 'அவ குடுத்திருப்பா, நடுவுல எவனோ கோட்டை விட்டுட்டான்'னு." (எவனோ என்பது நான்.) "நடந்து போகலாமா, எதிர்ல வண்டி வந்தா என்ன பண்றதுன்னு கேட்டேன். 'வராது டீச்சர். தலையே போனாலும் அவ திறக்க மாட்டா, தைரியமா போங்க'ன்னாரு."

விசிலக்கா வளைவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வேற ஏதாவது சொன்னாரா?"

"வேற என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல டீச்சர். பாத்துப் போங்க."

பேருந்து நடத்துநரை அனுப்பினாள். "தடம் காலி, அவரையே முதல்ல திறக்கச் சொல்லுங்க." பத்து ஐம்பத்தெட்டுக்கு அந்தப் பக்கத்து முதல் வண்டி வந்தது. நிமிடக் கணக்கு சூப்பர்வைசருடையது. ஏன் தாமதம் என்று மேலிடத்துக்கு அவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

(குச்சியை அவள்தான் வைத்திருக்கிறாள் என்று நினைத்தவன் எப்போது மனம் மாறினான்? கேட்டேன். "தெரியலீங்க" என்றான். இந்த இடத்தில் ஒரு நல்ல பத்தி வர வேண்டும். என்னிடம் இல்லை.)

5

முடிவு ஒன்று: இருவரும் பொறுக்க மாட்டாமல் நடக்கத் தொடங்கி, வளைவில் எதிரெதிரே

அடித்துவிட்டேன். இருவரும் கிளம்பிவிட்டால் முனைகளில் யார் நின்றது?

முடிவு இரண்டு: அன்று மாலை அவள் அந்தப் புது வீட்டின் கதவைத் தட்டுகிறாள். இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"அந்தம்மா நிஜமா போனாங்களா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு எழுதினீங்க?"

"நல்லா இருக்கேன்னு…"

"யாருக்கு நல்லா இருக்கு? உங்களால ரெண்டு பக்கமும் அத்தனை பேர் நின்னாங்க. இப்ப அவங்களைச் சேத்து வெச்சுட்டா நீங்க பண்ணின தப்பு புண்ணியமாயிடும். அதானே?"

அதேதான். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

6

குழாய் வேலை முடியப் போகிறது. அடுத்து ஒரு பாலத்தில் பழுதுவேலை. அங்கேயும் ஒற்றைத் தடம், ஒன்பது மாதம். இதற்குள் சூப்பர்வைசர் காதுக்கும் விஷயம் எட்டியிருந்தது. ஒரே ஜோடியாகப் போடவா, வேறு ஆள் பார்க்கவா என்று முதலில் தூணிடம் கேட்டிருக்கிறார்.

"அவளைக் கேளுங்க சார்" என்றானாம். "அவ என்ன சொல்றாளோ அதான்."

நேற்றுக் காலை அவள் முனையில் வரிசையின் முதல் வண்டி நான். சூப்பர்வைசர் நோட்டுப் புத்தகத்தோடு அவளிடம் வந்து கேட்டார். என் கண்ணாடி ஏற்றியிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏதோ சொன்னாள். சரி என்பதற்கு அது கொஞ்சம் நீளம். முடியாது என்பதற்குக் கொஞ்சம் குறைச்சல். சூப்பர்வைசர் எழுதிக்கொண்டார்.

கண்ணாடியை இறக்கும் பொத்தான் என் விரலுக்கடியில்தான் இருந்தது. ஒரு நொடி வேலை. இறக்கவில்லை.

எனக்குப் பின்னால் உங்கள் வண்டி நின்றிருக்கலாம். உங்கள் கண்ணாடி இறங்கியே இருந்திருக்கலாம். அப்படியானால் அவள் சொன்னது உங்களுக்குத் தெரியும். என்னிடம் சொல்ல வேண்டாம்.