கயிறு பிடித்தவன்

கயிறு இரண்டு தரம் இழுபட்டால் இன்னும் விட வேண்டும், மூன்று தரம் என்றால் மேலே தூக்க வேண்டும். நடராஜா சேர் முதல் நாளே சொல்லித் தந்தார். அறுபத்தெட்டில், மாத்தளைப் பக்கம் நாவுலவுக்குக் கிட்ட எங்கள் குளத்து மட்டிச் சிப்பிகளை ஆராய யுனிவர்சிட்டி கெம்பஸிலிருந்து வந்தவர் அவர். முதுகில் காற்றுச் சிலிண்டர், கையில் சிலேட்டும் பென்சிலும். தண்ணீருக்கடியில் போய் எழுதுகிற மனுசனை நான் அதற்கு முன் கண்டதில்லை. தோணியில் இருந்து கயிறு பிடிப்பது என் வேலை. குளத்தை அறிந்த ஆள் என்று என்னைப் பிடித்தார்கள். நன்றாகத்தான் அறிந்திருந்தேன், பாழாய்ப் போனவன்.

அதற்கு ஐந்தரை மாதத்துக்கு முன் என் மூத்தவர், பலீல் நானா, குளத்துக்குக் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. தேடிப் போன நான் கரையில் அவருடைய செருப்பை மட்டும் கண்டேன். வீட்டுக்கு வந்தால் ஸுலைஹா மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். காலையில் சண்டையாம். "அப்படியே போயிடுங்கன்னு சொன்னேனே மஹ்ரூப், என் வாயாலதான் போயிட்டாரு." செருப்பைக் கண்டதை நான் சொல்லவில்லை. "நானா மாத்தளை பஸ்ஸில ஏறினத கண்டேன் மதினி, கோபம் தீர்ந்தா வந்துடுவாரு" என்றேன். திரும்பிப் போய்ச் செருப்பைக் குளத்தில் வீசினேன். மூன்று நாள் தனியாக முங்கித் தேடியும் நானா கிடைக்கவில்லை.

மதினி நம்பினார். வளையலைக் கழற்றவில்லை, கலர் சாரியை மாற்றவில்லை. தினமும் சோற்றில் பாதியை நானாவுக்கென்று ஒதுக்கி வைத்தார். சேர் முங்கும்போதெல்லாம், கிடைக்க வேணும் என்று ஒரு மனமும் கிடைக்கக்கூடாது என்று ஒரு மனமும் எனக்குள் அடித்துக்கொண்டன.

அன்று கயிறு மூன்று தரம் இழுபட்டது. மேலே வந்த சேர் சிலேட்டை நீட்டினார். இருபத்திரண்டு அடி. மட்டி பதினொன்று. மரவேரில் சிக்கிய பச்சை பெல்ட், அதில் வெள்ளை நூலில் தைத்த பை. மனித எலும்புகள்.

அந்தப் பையை மதினிதான் நானாவுக்குத் தைத்துக் கொடுத்தார்.

"சேர், கடைசி ரெண்டு வரிய அழிச்சிடுங்க."

"கண்டத எழுதாம விட்டா அதுவும் பொய்தான் மஹ்ரூப்" என்றார். என் பொய் அவருக்குத் தெரியாது.

பொலிஸ் வந்தது. நானாவை அடக்கம் செய்தோம். செருப்பைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் மதினியிடம் நானே சொன்னேன். அவர் அழவில்லை. புருஷன் இறந்தால் பெண் திரைக்குள் ஒதுங்கியிருக்கும் இத்தாவுக்கு வெள்ளைச் சாரி எடுத்துத் தரச் சொன்னார். பள்ளிவாசல் லெப்பை தயங்கினார்.

"நாலு மாசமும் பத்து நாளும் புருஷன் மௌத்தான நாள்லேருந்துதான் கணக்கு, மகள். அது எப்பவோ முடிஞ்சிட்டுது. இனி நீங்க இருக்கத் தேவையில்ல."

மதினி தன் கைகளைப் பார்த்தார்.

"அத்தன நாளும் நான் வளையல் போட்டுக்கிட்டு இருந்தேனே" என்றார்.

பிறகு அறை வாசலில் வெள்ளைச் சீலையைத் தானே கட்டி, உள்ளே போய்விட்டார். நான் அந்நிய ஆண், திரையைத் தாண்ட முடியாது. பகல் சோற்றைச் சீலைக்கு அடியால் தள்ளினேன். மன்னிப்புக் கேட்டேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு தட்டு வெளியே வந்தது. பாதிச் சோறு ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.