குமிழி வராத தண்ணீர்

பேண்டு வாசிக்கிறது, பந்தலில் கைதட்டுகிறார்கள், நான் ரப்பர் படகின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரையே பார்க்கிறேன், எண்ணெய் பூசியது போல் கிடக்கிறது, ஒரு குமிழி இல்லை, வராது, வரக்கூடாது என்றுதான் கடற்படை அந்த மூச்சுக் கருவியை வாங்கியது, விட்ட மூச்சைத் தனக்குள்ளேயே சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கும், கீழே கமாண்டோ இருப்பது எதிரிக்குத் தெரியாது, சரி, காவலுக்குப் படகில் இருக்கிற எனக்கும் தெரியாதே, அதற்குத்தான் பயிற்சியில் ஆளின் இடுப்பிலிருந்து கயிறு கட்டி மேலே ஆரஞ்சு மிதவை விடுவது, மிதவை நகர்ந்தால் ஆள் நகர்கிறான், நின்றால் கயிற்றை இழு, கீழிருந்து பதில் இழுப்பு வராவிட்டால் குதி, அவ்வளவுதான், அந்த மிதவையைத்தான் கமாண்டர் கழற்றச் சொன்னார், மூன்று வருடத்துக்கு முன், அமைச்சர் பார்க்கக் கறுப்பு உடுப்பு ஆட்கள் கடலுக்குள்ளிருந்து திடீரென்று முளைக்க வேண்டுமாம், முன்னாடி பந்து ஆடிக்கிட்டு வந்தா ரகசியப் படைன்னு எவன்யா நம்புவான், எடுங்க அதை, என்றார், கில்பர்ட் சிரித்தான், மணப்பாட்டுக்காரன், என் ஜோடி, கோவில்பட்டிக்காரனான என்னை முதல் நாளே, கெணத்துல நீஞ்சுனவன்லாம் கடல் கமாண்டோவால, எங்க ஊரு நண்டு சிரிக்கும்ல மக்கா, என்று வாரியவன், அன்றும் கருவியை மாட்டிக்கொண்டே, விடுல, அமைச்சரைப் பயங்காட்டிட்டு வந்துருதேன், என்று முதுகுப் பக்கமாய்ச் சரிந்தான், தண்ணீர் மூடிக்கொண்டது.

நான்கு பேர் இறங்கினார்கள், மூன்று பேர் முளைத்தார்கள், மூன்றுக்கே கைதட்டல் பந்தலைப் பிய்த்தது, இன்னொருவன் எங்கே என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்குத் தெரிந்தது, தெரிந்து என்ன, எங்கே குதிப்பேன், இங்கேயா, அங்கேயா, தண்ணீர் முழுக்க ஒரே தண்ணீர், குதித்தேன், கலங்கல், நீட்டிய கை எனக்கே தெரியவில்லை, கிடைத்தபோது கருவியின் வாய்ப்பகுதியைக் கடித்தபடி கிடந்தான், உடல்நிலைக் கோளாறு என்று விசாரணையை முடித்தார்கள், கல் போலிருந்தவனுக்கு உடல்நிலை, நான் சொன்ன மிதவை அறிக்கையில் ஏறவே இல்லை, அவன் மனைவி அமலி அழவில்லை, அண்ணே, எங்க வலைக்கே மிதப்பு கட்டுவோமே, அறுந்து போனா எங்க கெடக்குன்னு தெரியணும்னு, ஆளுக்குக் கட்ட மாட்டியளா, என்று கேட்டாள், அதற்குப் பிறகு படையைப் பலப்படுத்தினார்கள், ஆமாம், ஆள் பலம் மூன்று மடங்கு, புதுப் படகுகள், இருட்டில் பார்க்கும் கண்ணாடி, குளிர்சாதன அரங்கம், அதில் கமாண்டரின் பேச்சு, எல்லாம் வேண்டியதுதான், ஒட்டுப்போட்ட உடுப்போடு முக்குளித்த நானா வேண்டாம் என்பேன், ஆனால் இத்தனை கோடிக்கு நடுவே ஒரு கயிற்றைப் பலம் என்று எவனும் நினைக்கவில்லையே.

இன்று மறுபடி பந்தல், மறுபடி அமைச்சர், பயிற்சி கொடுத்தவன் நான், படகில் என் ஆட்கள் நால்வர், வாக்கிடாக்கியில் கமாண்டரின் அதே குரல், மாஸ்டர், அந்த ஆரஞ்சு சமாச்சாரத்தை எடுத்துட்டீங்கல்ல. இல்ல சார். என்ன இல்ல. எடுக்கல சார், எடுக்க மாட்டேன். இது ஆர்டர், பென்ஷன் இருக்கு, யோசிச்சுக்கோங்க. யோசிச்சாச்சு சார், ஆளில்லாம வேணா மிதவைய அனுப்புறேன், மிதவை இல்லாம ஆள அனுப்ப மாட்டேன். அணைத்துவிட்டேன், மூன்று வருட ஆத்திரம் விரல் நுனியில், நால்வரில் மூத்தவன் சண்முகவேல் முகமூடியைத் தூக்கிவிட்டு, என்ன மாஸ்டர், வேல போச்சா, என்கிறான், போனா போகட்டும்டே, நீ முடிச்ச இறுக்கு, என்கிறேன், சரிகிறார்கள், தண்ணீர் மூடிக்கொள்கிறது, குமிழி இல்லை, ஆரஞ்சுப் புள்ளிகள் நான்கும் பந்தலை நோக்கி நகர்கின்றன, படகு அவற்றின் பின்னால் போகிறது, பந்தலில் யாரோ சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், மூன்றாவது மிதவை நிற்கிறது, கயிற்றைப் பிடித்து இழுக்கிறேன், எண்ணெய் போல் கிடக்கிறது தண்ணீர், கில்பர்ட், கில்பர்ட், இன்னொரு முறை இழுக்கிறேன், பேண்டு வாசிக்கிறது, ஆழத்திலிருந்து ஒருவன் திருப்பி இழுக்கிறான்.