புழு தூக்கிய கை

கிரேன்காரருக்கு மேலே இருந்து பார்த்தால் கீழே நடப்பது பாதிதான் தெரியும். மீதியை நெட்டையின் கைதான் சொல்லும். தூக்கு, இறக்கு, மெல்ல. நெட்டை பிழைப்புத் தேடி எங்கிருந்தோ வந்தவன். அந்தக் கையை நம்பித்தான் கிரேன்காரர் இத்தனை காலம் யார் தலையிலும் எதையும் போடாமல் பேர் வாங்கினார். "நெட்டை நின்னா கண்ண மூடிட்டு இறக்குவேன்" என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வார்.

தேர்தல் வந்தது. "வந்தேறிகள் நம் சோற்றில் விழுந்த புழுக்கள்" என்று தலைவர் முழங்கினார். வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். சொல் மட்டும் வேலையிடத்தில் தங்கிவிட்டது. மறுநாள் டீ குடிக்கும்போது கிரேன்காரரின் மச்சினன்தான் ஆரம்பித்தான்.

"ஏய் புழு, தள்ளி உக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்து நெட்டையும் சிரித்துத் தொலைத்தான்.

வாரம் முடிவதற்குள் அவனைச் செங்கல் சுமக்க அனுப்பிவிட்டு, சைகை காட்டும் வேலையை மச்சினனுக்கு வாங்கிக் கொடுத்தார் கிரேன்காரர். மச்சினனுக்கு அந்த வேலையில் ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. அதனால் என்ன, நம்ம ஆள்.

அன்று மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கம்பிக்கட்டை இறக்கச் சொல்லிக் கை காட்டிய மச்சினன், போனைப் பார்த்தபடி அதன் அடியிலேயே போய் நின்றான். மேலே இருந்தவருக்கு அது மறைவு. செங்கல்லைப் போட்டுவிட்டு ஓடிவந்த நெட்டை, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். அப்படி யார் காட்டினாலும், கூட்டிப் பெருக்குகிறவர் காட்டினாலும், உடனே நிறுத்த வேண்டும். அந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான்.

கிரேன்காரர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"புழு சொல்லி நான் நிறுத்தணுமா?" என்று லீவரைத் தள்ளினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் கண்டது பிணத்தையும் பக்கத்தில் நெட்டையையும்தான்.

சாவு வீட்டில் கிரேன்காரரின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என் தம்பி அடியில நிக்கிறத அந்த நெட்டை பாத்திருப்பானே! சொல்லுங்க, நிறுத்தச் சொல்லி கை காட்டினானா இல்லையா?"

கூட்டமே அவர் வாயைப் பார்த்தது. உள்ளதைச் சொன்னால் பெண்டாட்டியும் இல்லை, வேலையும் இல்லை.

"காட்டல" என்றார். "வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னான்."

மறுகேள்வி கேட்பாரில்லை. புழு என்றால் எதையும் நம்பும் பக்குவத்துக்கு எல்லோரும் எப்போதோ வந்திருந்தார்கள்.

"அவன சும்மா விடாதீங்க" என்று மனைவி கதறினாள்.

ஆட்கள் கட்டையோடு கிளம்பினார்கள். பொய் சொன்னவர் பின்தங்கினால் சந்தேகம் வருமே. நெட்டையின் அறைக் கதவை முதலில் உதைத்தது கிரேன்காரர்தான். மூலையில் ஒடுங்கிக் கிடந்தவன் அவரைக் கண்டதும் போன உயிர் திரும்பியவனாக எழுந்தான்.

"அண்ணே, வந்துட்டீங்களா! நீங்க பாத்தீங்கல்ல? இவங்ககிட்ட சொல்லுங்கண்ணே..."

முதல் அடியைக் கிரேன்காரர் அவன் வாயிலேயே போட்டார்.