வெள்ளை நூலில் ஒரு நட்சத்திரம்

1

இந்தக் கதை எனக்குச் சமையலறையில் கிடைத்தது. அருங்காட்சியகத்தில் பழந்துணிகளைச் செப்பனிடும் என் அக்கா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்ததும், "இதையும் எழுதித் தொலைக்காதடா" என்றாள். எழுதுகிறேன். அவள் இப்போது வீட்டில் இல்லை. கை சும்மா இருந்தால் பயம் அதிகமாகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கொடி என்பது ஒரு நாட்டின்..." பள்ளிக்கூடக் கட்டுரை. விட்டுவிட்டேன்.

அடுத்து: "அந்தக் காலத்தில் நட்சத்திரங்களுக்குச் சட்டம் இல்லை." இது பரவாயில்லை. கொடியில் மாகாணத்துக்கு ஒரு நட்சத்திரம் என்பது மட்டும்தான் உத்தரவு. எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. தைத்தவர்கள் இஷ்டத்துக்கு வைத்தார்கள். ஒருவர் வட்டமாக, ஒருவர் வரிசை வரிசையாக, இன்னொருவர் சின்ன நட்சத்திரங்களையே அடுக்கி ஒரு பெரிய நட்சத்திரமாக. புது மாகாணம் சேரலாம் என்று மூலையில் இடம் விட்டுவைத்த கெட்டிக்காரர்களும் உண்டு. (ஒன்று பிரிந்துபோனால் என்ன செய்வது என்று மட்டும் எவரும் யோசிக்கவில்லை. இந்த அடைப்புக்குறியைப் பார்த்தால் அக்கா என் முதுகில் நாலு வைப்பாள்.)

3

பழங்கொடிக் கண்காட்சிக்காக அக்காவின் மேசைக்கு வந்த கொடியில் நட்சத்திரங்கள் வட்டமாக இருந்தன. வட்டத்தில் ஓரிடம் காலி. மற்ற நீலமெல்லாம் வெளுத்துப்போயிருக்க, அங்கே மட்டும் ஐந்து முனையோடு புதுத்துணி போல அடர்நீலம். நட்சத்திரத்தைப் பிரித்த கையோடு கொடியைப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டார்கள் போல. பிரிந்துபோன அந்த மாகாணத்தின் பெயரை இங்கே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

அக்காவுக்கு ஒரு பழக்கம். அவள் பிரிவில் எல்லோருக்கும் உண்டு. வேலை தொடங்கும் முன், கிழிசலோ கறையோ, எதுவானாலும் அதைச் சுற்றி வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டு அடையாளம் வைப்பார்கள். வேலை முடிந்ததும் உருவிவிடுவார்கள். அன்றும் கை அதுபாட்டுக்குப் போட்டது. நூலை வெட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் என்ன செய்திருக்கிறோம் என்று பார்த்தாள். வட்டத்தில் மறுபடி ஒரு வெள்ளை நட்சத்திரம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்காட்சி வேலைகளைப் பார்வையிட அமைச்சகத்து அதிகாரி உள்ளே வந்தார்.

4

இந்த அதிகாரி எனக்குப் பிடிபடவேயில்லை. மீசையை முறுக்கவைத்து, மேசையைத் தட்டவைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அக்கா சொன்ன ஆள் அப்படியில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்.

"இந்த நட்சத்திரத்தை யார் தைக்கச் சொன்னாங்கம்மா?"

"தைக்கலை சார். அடையாளத்துக்குப் போட்டது. வேலை முடிஞ்சா உருவிடுவேன்."

"அடையாளம்தான், சரி. யாருக்கு?"

அக்கா உருவிவிடுவதற்காக நூல் நுனியைத் தேடினாள். அவர் படம் எடுத்துக்கொண்டார். "நூலைத் தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றார். போகும்போது நன்றியும் சொன்னாராம்.

5

இன்று காலை அவளை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். பால் மட்டும் வாங்கி வை" என்றாள். வாங்கி வைத்தேன். விளக்குப் போடும் நேரமாகிவிட்டது.

அவளைக் காப்பாற்ற இந்தக் கதையில் என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன். அவளை ஆணாக்கினேன். கொடியைத் திரைச்சீலையாக்கினேன். நட்சத்திரத்தைப் பூவாக்கினேன். எதை மாற்றினாலும் அந்த அடர்நீல இடம் தெரிகிறது. பயமாக இருக்கிறது. படிக்கிற உங்களையும் எனக்குத் தெரியாது. நீங்களும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறீர்களா?

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அருங்காட்சியக இயக்குநர் அவளுக்காகப் பேசுகிறார். (அவர் அன்றிலிருந்தே லீவு.) இன்னொன்றில், அதிகாரி சிரித்துவிட்டு "போய்ட்டு வாங்கம்மா" என்கிறார். மூன்றாவதில், அக்காவை

கதவு தட்டப்படுகிறது.

அக்கா தட்டமாட்டாள். அவளிடம் சாவி இருக்கிறது. சுவரிலுள்ள ஆணியைப் பார்க்கிறேன். காலி. எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள்.

மறுபடியும் தட்டுகிறார்கள். மெதுவாக, மரியாதையாக.

சாவியை எங்கோ தொலைத்துவிட்டு வந்து நிற்கிறாள் என்று நீங்களாவது முடித்துக்கொள்ளுங்கள். நான் போய்த் திறக்க வேண்டும்.