மேல் ஊற்றுத் தண்ணீர்

நரிப்பாறை அருவிக்குக் குளிக்க வருகிறவர்களின் கழிப்பிடத்தைக் கலைமணி பதினோரு வருடமாகக் கழுவிவந்தாள். அத்தனை வருடத்தில் அவளை உட்காரச் சொல்லிப் பேசியவர் ஒருவருமில்லை. புரட்டாசி மாதம் ஒரு முற்பகலில், சேலத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த ரோஸ்லின் ஜீப்பிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கிப் போட்டு, "முதல்ல நீங்க உக்காருங்கக்கா" என்றாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே கலைமணிக்குத் தெரியவில்லை.

பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அதற்கு முன்னால் மண், தண்ணீர், மரம், அக்கம்பக்கத்து ஊர் எல்லாவற்றையும் பார்த்துச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுத வேண்டுமாம். மூன்று நாளாக ரோஸ்லின் புட்டி புட்டியாகத் தண்ணீர் பிடித்தாள், மரத்துக்கு மரம் நம்பர் எழுதினாள். இப்போது மடியில் நோட்டை விரித்து வைத்திருந்தாள்.

"இந்த டேங்க் நிறைஞ்சா யாரு எடுப்பாங்கக்கா?"

"கீழருந்து லாரி வரோணுங்க மேடம். அத்தன வளைவு ஏறி எந்த லாரி வருமுங்க? நான் வேலைக்கு வந்ததுலருந்து ஒரேயொருக்கா வந்துச்சு."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

கலைமணி சுற்றும்முற்றும் பார்த்தாள். காண்ட்ராக்டரின் ஆளான மேஸ்திரி மாதேஸ்வரன் அன்று செம்மேட்டுக்குப் போயிருந்தான். எதிரே இருந்த முகம் அவள் சொல்வதற்காகவே காத்திருந்தது.

"மழை பிடிச்சா அடி மூடியத் தொறந்து உட்டுருவோமுங்க. மழைத்தண்ணியோட ஓடையில போயிரும்."

"யாரு திறப்பாங்க?"

"நாந்தானுங்க. மாதேஸ்வரன் போன் பண்ணுவாப்புல. ஐப்பசி, கார்த்திகையில மாசம் மூணு நாலு தடவ."

"ஓடை எங்க போகுது?"

"எங்கூருக்குத்தானுங்க. கீழ்வளவுக்கு. அங்க தொட்டி கட்டிப் பைப்புல எடுக்கறாங்க."

"நீங்களும் அதத்தான் குடிக்கிறீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனால் நாற்காலி போட்டுக் கேட்கிறவளிடம் பொய் சொல்ல நா வரவில்லை.

"இல்லீங்க. நான் மேல் ஊத்துலருந்து ஒரு கொடம் கொண்டுபோயிருவேனுங்க."

ரோஸ்லினின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. கிளம்பும்போது அவள் கலைமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க. உங்க பேரு எதுலயும் வராது. நான் பாத்துக்கறேன்."

அன்று மாலை ஊருக்கு இறங்குகையில் கலைமணிக்கு முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. புருஷன் செத்த பிறகு அவள் தம்பி சென்றாயனின் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு இருந்தாள். தம்பிக்கும் அவன் பெண்டாட்டி யமுனாவுக்கும் ஒரே பெண், பாவனா. நாலு வயது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் அவளுக்கு வயிற்றால் போனது. ஆம்புலன்ஸ் இறங்கும்போது பாதி வளைவிலேயே உயிர் போய்விட்டது. பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் கலைமணிதான். அதற்கு மூன்று நாள் முன்னால் அவள் மூடியைத் திறந்திருந்தாள். இந்த இரண்டையும் சேர்த்து அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைப்பு தலைதூக்கும் போதெல்லாம் எழுந்து போய் எதையாவது கழுவ ஆரம்பித்துவிடுவாள். பிள்ளை உயிரோடு இருந்தபோது ஒருமுறை, "தண்ணியக் காய்ச்சிக் குடு கண்ணு" என்று யமுனாவிடம் சொன்னது உண்டு. "ஊரே இதத்தான குடிக்குது" என்றாள் யமுனா. அதற்குமேல் கலைமணி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போய்விடும்.

தை மாதம் செம்மேட்டில் ஒரு மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஆள் சேர வேண்டும் என்று மாதேஸ்வரன் கீழ்வளவுக்கு வேன் அனுப்பினான். ஆளுக்கொரு எலுமிச்சைச் சாதப் பொட்டலமும் கொடுத்தார்கள். கலைமணி யமுனாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மேடையில் ரோஸ்லின் இருப்பதைப் பார்த்து, "எனக்கு அந்த மேடத்தத் தெரியும்" என்று பெருமையாகவும் சொன்னாள். ரோஸ்லினும் அவளைக் கண்டுகொண்டு சிரித்தாள்.

பிறகு அறிக்கையின் சுருக்கத்தை வாசித்தாள். மரங்கள் எத்தனை, மண் எப்படி என்று கொஞ்ச நேரம் போனது. பாதிப்பேர் கைகழுவப் போயிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்த நேரத்தில் அது வந்தது.

"தற்போதுள்ள தொட்டியின் கழிவு மழைக்காலங்களில் ஓடையில் திறந்துவிடப்படுகிறது. பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரியும் பெண் துப்புரவுப் பணியாளர் தம் கையாலேயே இதைச் செய்துவருவதாகத் தெரிவித்தார். அவர் தமது குடிநீரை மட்டும் மாசுபடாத மேல் ஊற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறார். எனவே இக்கட்டடத்தை அகற்றுவது அவசரத் தேவையாகும்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். பெயர் எங்கும் இல்லை. மண்டபத்தில் கீழ்வளவுக்காரர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

யமுனா பொட்டலத்தைக் கீழே வைத்தாள். விரலில் ஒட்டியிருந்த சோற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். புருஷனின் அக்காவை அவள் எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"நங்கையா. பாவனாவுக்கு வவுறு போன அந்த வாரம் தொறந்தீங்களா?"

"மாதேஸ்வரன் போன் பண்ணுவாப்புல கண்ணு, நானா..."

"தொறந்தீங்களா?"

"தொறந்தேன்."

சென்றாயன் எழுந்து வெளியே போய்விட்டான். முன்வரிசையிலிருந்து மாதேஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான். "ஐயா, இதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லீங்க. அந்தம்மா சோம்பேறித்தனத்துல அதுவா பண்ணியிருக்குது. நாங்க சொன்னோம்னு எழுத்துல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

எழுத்தில் ஒன்றும் இல்லை. மேஜையிலிருந்த அதிகாரி அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். பின்னர் தொண்டையைச் செருமி, "புதுக் கழிப்பிடம் வேணுங்கறவங்க கை தூக்குங்க" என்றார். எல்லோரும் தூக்கினார்கள். யமுனா தூக்கினாள். எல்லோரும் தூக்குகிறார்களே என்று கலைமணியின் கையும் மேலே போனது.

வேனில் அவளுக்கு இடமில்லை என்றார்கள். இருட்டும் முன் நடந்தே வந்து சேர்ந்தாள்.

மறுநாள் ஊர்க்கூட்டம். ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்றார்கள் சிலர். கோயிலுக்குள் விடக்கூடாது என்றார்கள். ஊர்க்கவுண்டர் யமுனாவைப் பார்த்தார். "புள்ளையப் பறிகுடுத்தவ நீ. நீ சொல்லு சாமி."

"தொரத்த வேண்டாமுங்க. இங்கயே இருக்கட்டும்" என்றாள் யமுனா. "அவுங்க குடிச்ச ஊத்துலருந்து எங்க ஊட்டுக்குத் தினம் ரெண்டு கொடம் தண்ணி கொண்டாந்து தரட்டும். அது போதும்."

இவ்வளவுதானா என்று ஊரே வியந்தது. பெரிய மனசு என்று கவுண்டர் சொன்னார். கலைமணி அந்த இடத்திலேயே யமுனாவின் காலைத் தொட்டாள். யமுனா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மேல் ஊற்றுக்கு ஏறி இறங்க ஒரு மணி நேரம் ஆகும். வழியெல்லாம் பாசிப் பாறை. முதல் நாள் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். யமுனா வெளியே வந்தாள். குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, வாசலோரத்துக் கொய்யாச் செடியின் அடியில் நிதானமாகக் கவிழ்த்தாள். இரண்டாவது குடத்தையும் அப்படியே. பிறகு ஓடைப் பைப்பில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள்.

"அதக் குடிக்காத கண்ணு" என்றாள் கலைமணி.

"எம்புள்ள குடிச்சதத்தான் நானும் குடிப்பேன். நாளைக்கு நேரத்துல கொண்டாங்க."

தை போய் மாசி வந்தது. தினம் இரண்டு குடம், தினம் கொய்யாச் செடிக்கு. கலைமணிக்குப் பாறையில் வழுக்கி ஒரு முட்டி வீங்கியது, நொண்டிக்கொண்டே வந்தாள். சென்றாயன் பார்த்துக்கொண்டே வெளியே போய்விடுவான். தண்ணீர் மண்ணில் இறங்கி முடியும்வரை அவள் நின்று பார்க்க வேண்டும் என்பது யாரும் சொல்லாத சட்டமாக ஆகிவிட்டது.

ஆனி மாதம் புதுக் கழிப்பிடம் திறந்தார்கள். டைல்ஸ் போட்டு, சக்கர நாற்காலி ஏறச் சரிவு வைத்து, ஆணுக்குத் தனி பெண்ணுக்குத் தனி என்று பளபளவென்று இருந்தது. பழைய தொட்டி இருந்த இடத்திலேயே தரைக்கு அடியில் புதுமாதிரியான தொட்டி, நாளுக்கு முந்நூறு பேருக்குப் போதுமாம். திறப்புக்கு வந்த ரோஸ்லின், பாதையில் குடங்களோடு இறங்கிய கலைமணியைக் கண்டு ஓடிவந்தாள்.

"அக்கா! உங்களாலதான் இது நடந்துச்சு. நீங்க மட்டும் சொல்லலேன்னா இந்த பைல் இன்னும் தூங்கிக்கிட்டுதான் இருக்கும்."

"சரிங்க மேடம்" என்றாள் கலைமணி. குடம் கனத்தது.

காண்ட்ராக்டும் பழைய ஆட்களுக்கே வந்திருந்தது. பலகையில் பெயர் மட்டும் வேறு. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குச் செய்ய வேண்டும் என்று நாலு பேர் காதில் விழச் சொல்லி, கலைமணி பார்த்த கழுவும் வேலையை மாதேஸ்வரன் யமுனாவுக்குக் கொடுத்தான். சென்றாயனுக்கும் சம்மதம். சாவிக்கொத்து யமுனாவின் இடுப்பில் ஏறியது.

"புதுசு கட்டியாச்சு. இனி நிறுத்திக்கட்டுமா கண்ணு?" என்று கலைமணி ஒருநாள் கேட்டாள்.

"நான் நிறுத்தச் சொன்னனா?"

ஆடியில் ஓரி விழாவுக்கு மலை கொள்ளாத கூட்டம். அருவிப் பக்கம் மூன்று நாளும் நடக்க இடமில்லை. முந்நூறு பேர் எங்கே, ஐயாயிரம் பேர் வந்து போனார்கள். நாலாம் நாள் மதியத்துக்கு மேல் மழை பிடித்து விடாமல் அடித்தது.

அடுத்த நாள் காலை மழை விட்டிருந்தது. கலைமணி வழக்கம்போல் குடங்களை வாசலில் இறக்கினாள். யமுனா வந்து குடத்தைத் தூக்கினாள். கொய்யாச் செடியைத் தாண்டி உள்ளே போனாள். இரண்டாவது குடத்தையும் எடுத்துப்போனாள். திரும்பி வந்தபோது கையில் டம்ளர் இருந்தது. மேல் ஊற்றுத் தண்ணீர். நின்றபடியே முழுவதையும் குடித்தாள்.

கலைமணி வாசலிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பாவனா போன பிறகு அப்படி அழுதது அன்றுதான். "போதும் சாமி, போதும். மனசு எறங்கிட்டயே" என்று பிதற்றினாள்.

"நாளைக்கு மூணு கொடமாக் கொண்டாங்க" என்றாள் யமுனா. "உங்க தம்பிக்கும் சேத்து."

கலைமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் கண்ணுக்கு நேரே கொடியில் யமுனாவின் வேலைச் சேலை தொங்கியது. முழங்கால் உயரத்துக்குக் கருஞ்சேறு காய்ந்திருந்தது. நரிப்பாறையில் அந்தச் சேறு ஒரே இடத்தில்தான் உண்டு, தொட்டியின் அடிப்பக்கம், சரிவில். பதினோரு வருடம் தன் காலிலிருந்து சுரண்டிய சேறு.

"மாதேஸ்வரன் போன் பண்ணுனாப்புலயா?"

யமுனா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"யமுனா. தொறந்தயா?"

"வேலைக்கு நேரமாச்சுங்க நங்கையா."

வீங்கிய முட்டியை மறந்து கலைமணி ஓடினாள். ஓடைத் தொட்டியருகே பெண்கள் குடம் வைத்துக் காத்திருந்தார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பைப்பை மூடினாள். மூடிய பைப்பை மறைத்துத் தொட்டிமேல் உட்கார்ந்தாள்.

"யாரும் குடிக்காதீங்க! நேத்துத் தொறந்து உட்டிருக்குது. மோந்து பாருங்க!"

யாரும் மோந்து பார்க்கவில்லை. "வேல போன வயித்தெரிச்சல்" என்றாள் ஒருத்தி. "புள்ளையக் கொன்னது பத்தாதுன்னு அவ பொழப்பயும் கெடுக்கப் பாக்குது" என்றாள் இன்னொருத்தி. புதுத் தொட்டி, சேலத்து மேடம் பார்த்துக் கட்டியது, அதிலிருந்து எப்படி வரும் என்றார்கள்.

சென்றாயன் வந்தான். "தம்பி, யமுனா தொறந்துட்டா. அவ சேலையப் போய்ப் பாரு" என்று அவள் சொல்லி முடிக்கும் முன் கன்னத்தில் அறைந்தான். அக்காமேல் அவன் கை நீட்டியது அதுவே முதல் தடவை. தோளைப் பிடித்து இழுத்துத் தொட்டியிலிருந்து இறக்கினான். அவள் மறுபடி ஓடிவிடாமலிருக்க அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒருத்தி பைப்பைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வந்தது. மழை பெய்தால் அப்படித்தான் வரும் என்று சொல்லிக்கொண்டு அவள் குடத்தை நகர்த்தி வைத்தாள். கடைசிக் குடம் நிறையும்வரை சென்றாயன் பிடியை விடவில்லை.